தோழனுக்குத் துடக்கில்லை

மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறாவூர் நோக்கிச் செல்லும் பெருவீதியில், பிள்ளையாரடியையும் சத்துருக்கொண்டானையும் கடந்தால் தன்னாமுனை வரும். வாவிக்கரைக் கிராமம். ஊரிலே சூசையப்பர் கோயில். அயலெங்கும் அம்மன் கோயில்கள். சிறிது தூரம் வடக்கே சென்றால் ஏறாவூர்ப் பள்ளிவாசல்கள். மூன்று சமயத்தவரும் அருகருகே வாழும் இப்பகுதியில் ஒரு வீட்டிற் சாவு நிகழ்ந்துவிட்டால், யார் யார் என்ன செய்ய வேண்டும் என்பதை எவரும் எவரிடமும் கேட்டறிய வேண்டியதில்லை. பந்தலிடுவோர் தாமாகவே வருவர். சாவீட்டில் அடுப்பெரியாது, அயலார் சோறு சமைத்து அனுப்புவர். சைவராயின் துடக்குக் காத்து, எட்டாம் நாளும் முப்பத்தோராம் நாளும் செய்ய வேண்டியவற்றைச் செய்வர். கத்தோலிக்கராயின் வீட்டில் செபமாலை சொல்லப்படும். முப்பத்தோராம் நாள் பூசை ஒப்புக்கொடுக்கப்படும். முஸ்லிம்களாயின் காலந்தாழ்த்தாது நல்லடக்கஞ் செய்து துஆ ஓதுவர். தாய்வழிக் குடிமுறை இன்றும் பேசப்படும் மட்டக்களப்பு நாட்டில், இன்னார்க்கு இன்னார் என்ன முறை என்பது மூத்தோர் நாவிற் கணக்காகவே நிற்கும்.

இந்தக் கணக்கினுள் அடங்காதவன் ஒருவன் உளன். அவன் இறந்துபோன பிள்ளையின் தோழன்.

பத்து வருடம் ஒரே வாங்கில் அமர்ந்து படித்தவன். ஒரே தோணியில் இறாலுக்குப் போனவன். ஒரு சைக்கிளில் இருவராய்ச் சென்றவன். வயது பதினைந்து. சாவீட்டுக்கு வருகிறான். பாடையைத் தொடுவதற்கு முறையில்லை. வாய்க்கரிசி இடுவதற்கு உறவில்லை. பெண்கள் ஒருவரையொருவர் கட்டியழும் உள்வீட்டினுள் அவன் போதலாகாது. பெரியவர்கள் கதிரையிலிருந்து செலவுக் கணக்குப் பேசும் பந்தலிலும் அவனுக்கு இருக்கையில்லை. வேலியோரம் நிற்கிறான். பிரேதம் போனபின் வீடு சென்று முழுகுகிறான். மறுநாட் காலை பாடசாலை. அல்லது, குடும்ப நிலைமை காரணமாகப் படிப்பை விட்டவனாயின், மறுநாட் காலை வேலை. துடக்கு உறவின் வழியே செல்வது. நட்பின் வழியே செல்வதன்று. ஆகவே அவனுக்குத் துக்கம் நேர்ந்ததென்று ஊர் எண்ணுவதில்லை.

1989 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா என்பார் இத்தகைய துயருக்கு ஒரு பெயரிட்டார். தமிழில் அதனை உரிமை மறுக்கப்பட்ட துயர் எனலாம். இழப்பு உண்மையானது; ஆயினும் அழுவதற்கு இவருக்கு என்ன உரிமை என்று சமூகம் எண்ணுமிடத்து, அத்துயர் வெளிவர வழியின்றி உள்ளே தங்கிவிடுகின்றது என்பது அவர் கருத்து.

பெயர் புதியதாயினும் பொருள் நமக்குப் புதிதன்று. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் நீத்தபோது அவனோடு உடனிருந்து மாண்ட பிசிராந்தையார் அவனுக்கு உறவினரல்லர். வேற்று நாட்டுப் புலவர். மற்றொரு நண்பராகிய பொத்தியார், மன்னன் சொற்படி உறையூருக்கு மீண்டு, அவனில்லாத மன்றத்தைக் கண்டு கலங்கியதைப் புறநானூறு கூறும். யானையைப் பறிகொடுத்த பாகன், அது கட்டியிருந்த வெறுந்தறியைப் பார்த்து அழுதாற்போலத் தாம் அழுவதாக அவர் சொல்கிறார். அந்தப் பாடலைப் பாடசாலையிலே கருத்தும் நயமும் எழுதப் படிப்பிக்கின்றோம். அதே வகுப்பில் ஒரு வாங்கு வெறுமையாகும்போது, அதனைப் பார்த்துக் கொண்டிருக்கும் பையனிடம் ஒரு வார்த்தை பேசத் தயங்குகின்றோம்.

இளம்பருவத்தினர்க்குச் சாவு இன்னதென்று விளங்காது எனச் சிலர் எண்ணுவர். அது தவறு. ஒன்பது பத்து வயதளவிலேயே, சாவு மீளாதது, எவர்க்கும் வருவது என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெளிவாகிவிடுகின்றது என்பர் உளநூலார். பதினைந்து வயதினர்க்குத் தெரியாதது, அது தம் வயதினர்க்கும் வரும் என்பதே. பாட்டன் இறந்தால் முதுமை என்று மனம் ஆறுகின்றது. தன்னோடு நேற்று மாலை பந்தடித்தவன் இறந்தால், மனம் சாய்வதற்கு ஒன்றுமில்லை. தன்னைத் தான் பார்த்துக் கொண்ட கண்ணாடியே அந்த வயதில் தோழன்தான். அவனோடு, அவன் முன்னிலையில் தான் எப்படியிருந்தானோ, அந்தத் தானும் போய்விடுகின்றது.

இத்துயர் பெரியோர் எதிர்பார்க்கும் கோலத்தில் வருவதில்லை என்பதே முதற் சிக்கல். தாய்மார் பலர், இவனுக்குக் கவலையே இல்லை, சாவீட்டுக்குப் போய்வந்து அன்று மாலையே பந்தடிக்கப் போனான், என்று குறைப்படுவர். நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ரோப், ஹெங்க் ஷுட் என்னும் இருவர் 1999 இல் வெளியிட்ட கருத்தொன்று இதனை விளங்கிக்கொள்ள உதவும். துக்கப்படுவோர் மனம் எந்நேரமும் இழப்பையே பார்த்துக் கொண்டிராது. இழப்பின்பாற் சிறிது நேரம், வாழ்வின்பாற் சிறிது நேரம் என மாறி மாறிச் செல்லும். அந்த மாறுதலே அதனைத் தாங்கச் செய்கின்றது என்றனர் அவர்கள். இளையோரிடத்தில் இம்மாறுதல் மிக விரைவானது. பந்தடித்தவன் இரவில் உறங்காதிருப்பான், வகுப்பில் உறங்கிவிழுவான். தலையிடி, வயிற்றுவலி என்பான். சிரிப்பதற்கு இல்லாத விடயத்திற்குச் சிரிப்பான். சிறு சொல்லுக்குக் கைநீட்டிச் சண்டைக்குப் போவான். மோட்டார் சைக்கிளில் வேண்டுமென்றே விரைவான். ஆசிரியர் இவற்றைக் குழப்படி என்று எழுதிக்கொள்கிறார்.

வாவிக்கரைப் பிள்ளைகளிடத்து இத்துயருடன் இன்னொன்றும் கலந்துவிடுகின்றது. இவ்வூர்களில் இளையோர் சாவு பலவாறு வரும். வீதி விபத்து, பாம்புக்கடி, காய்ச்சல். அவற்றுள் நீரில் மூழ்கி இறத்தல் தனிப்பட்ட கொடுமை. ஏனெனில் அது பெரும்பாலும் தோழர் கூட்டத்தின் நடுவிலேயே நிகழ்கின்றது. நால்வர் குளிக்கப் போகின்றனர், மூவர் திரும்பி வருகின்றனர். அம்மூவரும் கண்ணாற் கண்டவர்கள். ஒருவன் கையை நீட்டினான், எட்டவில்லை. ஒருவன் பயந்து கரைக்கு ஓடினான். ஒருவன்தான் அன்று வாவிக்குப் போவோம் என்று முதலிற் சொன்னவன். அவன் அதனை யாரிடம் சொல்வான்? சாவீட்டில் இறந்தவனின் தாய் அவனைக் கண்டதும், என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனவன் நீதானே, என்று கதறுகின்றாள். அவள் மேற் குற்றமில்லை. அந்நேரத்தில் அவள் யாரையேனும் பற்றிக்கொள்ள வேண்டியிருக்கின்றது. ஆனால் அச்சொல் அந்தப் பையன் நெஞ்சிற் பல வருடங்கள் தங்கிவிடும். அதன்பின் அவன் அந்த ஒழுங்கையாற் போவதில்லை. பொலிஸ் விசாரணையில் என்ன சொன்னானோ, அதையே தனக்குத் தானும் சொல்லிக் கொள்கிறான். உண்மையில் அவன் கேட்க விரும்புவது ஒரு கேள்வியே: நான் காரணமா?

அதற்கு, இல்லை, அதையெல்லாம் நினையாதே, என்று பெரியோர் உடனே சொல்லும் மறுமொழி பயன்படாது. அன்று நடந்ததை அவன் தொடக்கம் முதல் இறுதிவரை தன் வாயாற் சொல்லி முடிக்கவிட்டு, ஒருவர் இடைமறியாது கேட்டிருந்து, அதன்பிற் சொன்னால் அச்சொல்லை அவன் நம்பக்கூடும். ஒரு முறை சொல்லி முடிவதுமன்று. ஒரே கதையைப் பல முறை சொல்வான்.

பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் இடுக்கமானது. தோழி இறந்தால், அவர்கள் இடுகாட்டிற்கோ சுடலைக்கோ போவது வழக்கமன்று. சாவீட்டு வாசலோடு விடைபெற வேண்டும். இறந்தவன் வகுப்புத் தோழனாயின் அழுவதும் அளந்தே அழவேண்டும். சற்று மிகுதியாக அழுத பிள்ளையைப் பற்றி, இவளுக்கு ஏன் இவ்வளவு என்று கதை கட்டிவிடுவதற்கு நம் ஊர்களில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு பிள்ளை தன் சகபாடிக்காகக் கண்ணீர் விடுவதற்கும் நற்பெயரைப் பணயம் வைக்க வேண்டியிருப்பது வெட்கக்கேடு. இதனை வேறு மென்மையான சொல்லாற் சொல்ல எமக்கு விருப்பமில்லை.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் இவையெல்லாம் நேரும். வறிய பிள்ளைக்கு நேரும்போது என்ன வேறுபாடு? ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். தந்தை இல்லை, அல்லது இருந்தும் பயனில்லை. தாய் குவைத்தில் ஒரு வீட்டிற் பணிப்பெண்ணாகச் சென்றிருக்கிறாள். கிழமைக்கு ஒரு முறை தொலைபேசியிற் பேசுவாள். அம்மம்மாவே வளர்க்கிறாள். ஓர் அறையும் ஒரு விறாந்தையுமான வீட்டில் ஆறு பேர். தனித்திருந்து அழுவதற்கு இடமில்லை. வீட்டினர் உணர முடியாத ஒன்றுக்காக ஒரு நாட் கூலியை விடவும் முடியாது. தாயிடம் தொலைபேசியிற் சொன்னால் அவள் தொலைவிலிருந்து அழுவாளே என்று சொல்லாது மறைக்கும் பிள்ளைகளும் உளர். அன்றியும், அப்பிள்ளைக்கு நேர்ந்த முதல் இழப்பும் இதுவன்று. வடகிழக்கிலங்கைத் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடத்து நடாத்தப்பெற்று 2008 இல் வெளியான ஓர் ஆய்வு, போர், சுனாமி, வீட்டினுள் நிகழும் அடிதடி ஆகிய மூன்றும் ஒரே பிள்ளைகளின் வாழ்வில் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கியிருந்ததையும், அவற்றின் சுமை கூடக்கூட உளநலம் குன்றியதையும் எடுத்துக்காட்டிற்று. மதுவுக்கு அடிமையான தந்தையும் அந்த அடுக்கில் ஒருவர். இத்தகைய பிள்ளைக்குத் தோழனே வீடு. பசித்தபோது பங்கிட்டவன் அவன். அவனை இழத்தல், மற்றொருவர்க்கு உடன்பிறந்தானை இழத்தலினுங் குறைந்ததன்று.

அம்மம்மா கல்நெஞ்சினள் அல்லள். சோறு தின்னு மனே, நாங்க படாத பாடா, என்று அவள் சொல்வதற்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. 1990 ஆகஸ்ட் நடுவில் ஏறாவூரில் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அதற்கு அடுத்த மாதம் 9 ஆம் நாள் சத்துருக்கொண்டானிலும் அதன் அயற்கிராமங்களிலும் 184 தமிழர் கொல்லப்பட்டனர். இரண்டிடத்திலும் மாண்டவர்களுட் பாலகரும் பள்ளிப்பிள்ளைகளும் உளர். அன்று பதினைந்து வயதினராயிருந்தோர் இன்று ஐம்பதைக் கடந்தவர். பேரப்பிள்ளை கண்டவர் பலர். தம் வகுப்பிலே யார் யார் இல்லாமற் போயினர் என்பதை அவர்களிடம் அக்காலத்தில் எவரும் கேட்டதில்லை. கேட்கக்கூடிய காலமாகவும் அது இருக்கவில்லை. அக்காலத்து மட்டக்களப்பில் காணாமற் போன மக்களைத் தேடிய தாய்மார் அம்மன் கோயிற் சடங்கிலே தெய்வமேறியவரிடம் வாக்குக் கேட்டு அழுததை, அங்கு தங்கியிருந்து ஆராய்ந்த பற்றீசியா லோறன்ஸ் என்னும் மானிடவியலார் விரிவாக எழுதியிருக்கின்றார். தாய்மார்க்கு அந்த முற்றமாவது இருந்தது. தோழர்க்கு அதுவுமில்லை. அழாது வளர்ந்த அந்தத் தலைமுறையே இன்று பேரப்பிள்ளையிடம் அழாதே என்கின்றது.

2004 டிசெம்பர் 26 ஞாயிறு, பௌர்ணமி நாள். கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய நிலமாயிருந்த நாவலடியைக் கடல் மேவிற்று. கல்லடிக் கரையோரமும் அழிந்தது. விடுமுறைக் காலமாதலால் பிள்ளைகள் வீடுகளில் இருந்தனர். புதுவருடத்திற் பாடசாலைகள் தொடங்கியபோது, வரவுப் பதிவேட்டிற் பெயர்கள் இருந்தன, பிள்ளைகள் இல்லை. உயிர்தப்பிய நாவலடிக் குடும்பங்கள் பல பின்னர் வாவிக்கு இப்பாலுள்ள திராய்மடுவிற் குடியேற்றப்பட்டன. அப்பிள்ளைகள் புதிய வகுப்பறையில் அமர்ந்தபோது, பக்கத்திலிருந்தவனுக்கு இறந்தவர்களின் பெயரே தெரியாது. பெயர் தெரிந்த ஒருவரும் அருகில் இல்லாதிருத்தலும் இத்துயரின் ஒரு வகை. பின்னர் 2019 ஏப்ரல் 21 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலய முற்றத்திற் குண்டு வெடித்தது. ஏறத்தாழ முப்பது பேர் மாண்டனர். அவர்களுட் பாதிக்கு அண்மையானோர் சிறுவர், ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே வந்தவர்கள். அவர்களின் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு வாங்கு வெறுமையாயிற்று.

இவற்றினிடையே மட்டக்களப்பிற் செய்யப்பட்ட நல்லதொன்றையும் சொல்ல வேண்டும். 1996 இல், போர் நடந்து கொண்டிருக்கையிலேயே, கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனும் யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் வேறு சிலரும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடக்கினர். தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் பல கிராமங்களிலிருந்து பஸ்சில் ஒன்றாக அழைத்து வந்து, களிமண் பிசையவும், படம் வரையவும், கதை கட்டி நடிக்கவும் விட்டனர். உனக்கு என்ன நடந்தது என்று எவரும் விசாரணை செய்யவில்லை. மண்ணிலே ஓர் உருவைச் செய்து, பின் அதனைத் தானே உடைத்து, மறுபடி செய்யும் பிள்ளை, சொல்லால் ஆகாத ஒன்றைக் கையாற் செய்கின்றது.

அவ்வாறாயின் வளர்ந்த பையன்கள் தாமாகவே கையாற் செய்வது எதனை? இங்கேதான் நாம் அவர்களைச் சரியாகப் பார்ப்பதில்லை. ஓர் இளைஞன் இறந்த மறுநாள் சந்தியிலே அவன் படம் பதித்த பெரிய பதாகை எழும். கண்ணீர் அஞ்சலி என்று தலைப்பு. கீழே, நண்பர்கள் என்று மட்டும் இருக்கும். கூலிவேலைக் காசும், தாய் அனுப்பிய கைச்செலவுக் காசும் சேர்த்து அடித்தது அது. அடுத்த வருடம் அவன் பெயரில் ஞாபகார்த்தக் கிண்ணம் என்று ஒரு துடுப்பாட்டப் போட்டி வைப்பர். அவன் பெயரச்சடித்த சட்டை அணிவர். பெரியோர் இதைக் கண்டு, இது என்ன வீண் செலவு, அந்தக் காசை அந்தத் தாயிடம் கொடுத்திருக்கலாமே, என்பர். சொல்வது நியாயம்போலத் தோன்றும். ஆனால் எட்டாம் நாட் படையலிலும் செலவுண்டு; அதனை வீண் என்று எவரும் சொல்வதில்லை. நம் சடங்குகளில் இடம் கிடையாதவர்கள் தமக்கென்று ஒரு சடங்கைத் தாமே உண்டாக்கிக் கொண்டிருக்கிறார்கள். அப்பதாகை அவர்களின் துடக்கு. நண்பர்கள் என்ற அந்த ஒரு சொல், எங்களுக்கும் இங்கே முறையுண்டு என்று ஊருக்கு அறிவிக்கின்றது. எமக்கு அந்தப் பதாகைகளின் வர்ணமும் எழுத்துப் பிழைகளும் பிடிப்பதில்லை; எனினும் அவற்றைக் கழற்றச் சொல்ல மனம் வரவில்லை.

பாடசாலை இதற்கு மேலும் செய்யலாம். இறப்புச் செய்தி வந்ததும் அதனை வகுப்பாசிரியரே வகுப்பிற் சொல்லுதல் நன்று. ஒழுங்கையில் திரிந்து வரும் கதையாகப் பிள்ளைகள் அறிதலாகாது. எப்படி இறந்தான் என்பதையும் மறையாது, விரிக்காது, உண்மையாகச் சொல்ல வேண்டும். வகுப்பு முழுவதும் ஆணும் பெண்ணுமாய் ஆசிரியருடன் வரிசையாகச் சாவீட்டிற்குச் சென்றால், தனியே வேலியோரம் நிற்கும் நிலை ஒருவர்க்கும் நேராது; அழும் பிள்ளையைப் பற்றிக் கதைகட்டவும் வாய்ப்பில்லை. அங்கே ஒரு வேலை கொடுங்கள்: தண்ணீர் பரிமாற, கதிரை அடுக்க, மலர் ஏந்த. மறுநாள் அந்த வாங்கை அவசரப்பட்டு அகற்ற வேண்டாம். என்ன செய்யலாம் என்று அந்த வகுப்பையே கேளுங்கள். பதிவேட்டிற் சிவப்பு மையாற் கோடிழுக்கும் கடமை ஆசிரியருக்கு உண்டு. அதனைப் பிள்ளைகள் கண்முன்னே செய்யாதிருக்கலாம்.

ஒரு விடயத்திற் சிறப்பான கவனம் வேண்டும். இறந்த பிள்ளை தன்னுயிரைத் தானே மாய்த்திருந்தால், வீடும் பாடசாலையும் அப்பெயரையே உச்சரிக்காமல் விட்டுவிடுகின்றன. 1995 அளவில் உலகிலேயே தற்கொலை மிகுந்த நாடுகளுள் ஒன்றாக இருந்தது இலங்கை. நச்சு மிகுந்த பூச்சிநாசினிகளைத் தடைசெய்ததன் பின் அத்தொகை வெகுவாகக் குறைந்தது. ஆயினும் ஓர் இளைஞனின் இத்தகைய சாவு அவன் தோழரையும் அதே வழியிற் சிந்திக்கச் செய்யக்கூடும் என்பது பல நாடுகளிற் கண்ட உண்மை. ஆகவே அச்சாவை வீரமென்றோ, அழகிய முடிவென்றோ பேசுதல் கூடாது; பாவம், கோழைத்தனம் என்று இகழ்தலுங் கூடாது. மிக நெருங்கியிருந்த தோழனிடம், உனக்கும் அப்படி எண்ணம் வருகின்றதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதனால் எண்ணம் புகுந்துவிடும் என்ற அச்சம் ஆதாரமற்றது. ஆம் என்றால் அவனைத் தனியே விடாதீர்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும் உண்டு.

மாணவ நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் நண்பன் தன் நண்பனை இழந்திருந்தால், என்ன சொல்வதென்று தெரியாது விலகிப் போகாதீர்கள். ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. வழமைபோல் சைக்கிளில் ஏற்றிச் செல்லுங்கள். இறந்தவனின் பட்டப்பெயரைச் சொல்லிச் சிரிக்க நேர்ந்தால் சிரியுங்கள்.

முப்பத்தோராம் நாள் கழிந்ததும் ஊர் ஓய்ந்துவிடும். தோழர்க்கு அது மறுபடி தொடங்குவது வேறு நாட்களில்: அவன் பிறந்த நாள், விளையாட்டுப் போட்டியில் அவன் ஓடவேண்டியிருந்த ஓட்டம், அவன் வகுப்பார் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் வருடம். பரீட்சைக்கு முதற்கிழமை, கடைசிப் பாடம் முடிந்தபின், வகுப்பாசிரியர் கதவைச் சாத்திவிட்டு அவன் பெயரைச் சொல்லி, இன்று அவனும் இருந்திருந்தால் எந்தப் பாடத்திற் சித்தியடைந்திருப்பான் என்று கேட்டாற் போதும். ஒருவன் கணிதம் என்பான். எல்லாரும் சிரிப்பார்கள், ஏனெனில் அவனுக்குக் கணிதம் ஒருபோதும் வந்ததில்லை. அதன்பின் யாராவது ஒருவர் அழத் தொடங்கலாம். அன்று மணியடிப்பதற்குச் சற்றுத் தாமதமானாலும் குற்றமில்லை.